கட்டைவிரல் நுழையும் சந்து

என் சமையலறையில் வெங்காயம் போட்டுவைக்கும் தேக்குப் பெட்டியின் உள்விளிம்பில் வரிசையாக வெட்டுகள் இருக்கின்றன. தேனடை கட்டும் மரச்சட்டங்கள் உட்காருவதற்காக அப்பா போட்ட வெட்டுகள் அவை. சட்டங்களில் இரண்டு இன்னும் என்னிடம் உண்டு. அவற்றை அடுத்தடுத்த வெட்டுகளில் வைத்தால் நடுவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். அந்தச் சந்துதான் அக்காவை ஊருக்கு அனுப்பிவைத்தது.

நிஜாம் ஆண்ட காலம். அப்பா தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்காவின் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டான். அந்த இளையவள் உண்டானதும், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று வேலூரில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். போகமாட்டேன் என்றாள் அக்கா. அவளுக்கிருந்த ஒரே தைரியம், ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார நர்ஸ் கொடுத்த தேன்பெட்டி. கொல்லைப்புற வேப்பமரத்தடியில் அதை வைத்திருந்தாள். சார்மினார் பக்கத்து ஹக்கீம் வைத்தியர் ஒருவர் மருந்துக்குத் தேன் எடுத்துக்கொண்டார். எவ்வளவு வந்தாலும் சரி என்றார். இன்னொரு பெட்டி இருந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இங்கேயே இருந்துவிடலாம் என்று அக்கா நம்பினாள்.

அப்பாவே பெட்டி செய்தார். அவ்வளவு ஆசையாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டங்களுக்கான வெட்டுகளை எட்ட எட்டப் போட்டார்.

“நக்கோப்பா, இவ்ளோ சந்து வேணாம். நர்ஸம்மா பெட்டியில சுண்டுவிரல்கூட நுழையாது” என்றாள் அக்கா.

“இந்த ஊரு வெயிலுக்கு விரியும்மா. சந்து வுடலன்னா ஒன்னோட ஒன்னு முட்டிக்கினு நெளிஞ்சிப் பூடும். நான் பாக்காத வெயிலா?”

தண்டவாளத்துக்குத் தண்டவாளம் சந்து விட்டே தலை நரைத்த மனிதர். தேனீக்களைப் புதுப்பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழையதை இன்னொரு கூட்டத்துக்கென்று வைத்தார்கள். எந்தச் சட்டமும் எந்தப் பெட்டியிலும் பொருந்தவேண்டும் என்று, காலியான பழைய பெட்டியையும் அப்பா அதே அளவுக்கு வெட்டி மாற்றிவிட்டார்.

தேனீக்கள் இடைவெளியைச் சும்மா விடுவதில்லை. சந்துக்குச் சந்து குறுக்கே அடை கட்டின. தேன் எடுக்கப்போன அன்று ஒரு சட்டத்தைத் தூக்கினால் எல்லாம் சேர்ந்து வந்தன. அப்பா கத்தியை விட்டு நெம்பினார். அடைகள் கிழிந்து, புழுவும் தேனுமாக மண்ணில் ஒழுகின. எறும்பு மொய்த்தது. மறுநாள் ஈக்கள் மொத்தமும் கிளம்பிப்போய்விட்டன. அக்கா காலிப் பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மழை பெய்ததும் வேறு கூட்டம் வந்து அடையும் என்றார் அப்பா. மழைதான் வந்தது.

அக்கா வேலூருக்கு ரயில் ஏறினாள். “வெயில்ல நிக்காதீங்கப்பா, வூட்டுக்குப் போங்க” என்றாள், அவ்வளவுதான். இளையவளின் பிள்ளைகளை வளர்த்து, அந்த வீட்டு அடுப்படியிலேயே செத்தும் போனாள். அப்பாமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாசமாகச் செய்த காரியம் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

இன்று காலை வெங்காயம் எடுக்கப் போனபோது, சட்டங்கள் இரண்டையும் வைத்து மறுபடி விரலை விட்டுப் பார்த்தேன். எத்தனையோ கோடை போய்விட்டது. வெயிலில் விரிவது இரும்பு. மரம் காய்ந்து ஒல்லியாகிவிட்டது. அப்பா விட்ட சந்து, அவர் விட்டதைவிட இப்போது இன்னும் கொஞ்சம் அகலம்.