கருப்பு மைக்குள் ஒரு கை

படக்கதைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைச் சுரங்கத்துக்குள் இறக்கினால், கடைசிப் பக்கத்தில் மேலேயிருந்து வெளிச்சம் விழ வேண்டும். பிள்ளை ஏறி வந்துவிட வேண்டும். மண்ணுக்குள் ஒரு நாழிகைகூடக் கிடந்து பாராதவர்கள் போட்ட சட்டம் அது என்பது விஜிதாவின் எண்ணம்.

அவள் கிடந்திருக்கிறாள். மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்த காலையில் அவளுக்குப் பத்தொன்பது வயது. இடிந்த லயத்து வீட்டுக்குள் கழுத்துவரை சேறு. பக்கத்தில் தங்கை வதனி, இருட்டில் வளையல் போட்ட சின்னக் கையால் அக்காவின் விரல்களைப் பிடித்தபடி கிடந்தாள். மேலே ஓர் ஓட்டை திறந்தது. வெளிச்சம் விஜிதாவின் முகத்தில் விழுந்தது. வந்தவர்கள் கண்ணில் பட்டவளைத்தானே இழுப்பார்கள்? இழுத்தார்கள். அவளை எடுத்த குழிக்குள் மறுபடி மண் இறங்கியது. அந்த விரல்கள் நழுவியது இன்னும் அவள் கையில் இருக்கிறது. அன்று முதல் வெளிச்சம் என்றாலே அவளுக்கு வெறுப்பு.

இப்போது, சரிவுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து, பண்டாரவளை ஸமீமின் அச்சகத்துக்குப் படம் வரைகிறாள். இது அவளுடைய முதல் படக்கதை; சுரங்கத்துக்குள் சிக்கிய ஒரு பிள்ளையின் கதை. ஒழுங்காக முடித்தால் அடுத்த மூன்றும் அவளுக்குத்தான். இல்லையென்றால் வேறு ஆள். ஒன்பது பக்கம் மளமளவென்று முடிந்தது. கடைசியான பத்தாவது மட்டும் மூன்று வாரமாக மேசையை விட்டு நகரவில்லை.

மை வேலையில் வெளிச்சத்தை வரைய முடியாது. அந்த இடத்தில் காகிதத்தை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். தெரிந்தவள்தான். ஆனாலும் தூரிகை கட்டம் முழுவதையும் கருப்பாக்கிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு முட்டியது.

பொறுத்துப் பார்த்த ஸமீம் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி இது, வெளிச்சம் எங்க? புள்ளய அங்கேயே பொதச்சிட்டியா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

விஜிதா கோபப்படவில்லை. "இருங்க நானா," என்று அலுமாரியிலிருந்து பிளேடு ஒன்றை எடுத்தாள். காய்ந்த மையைப் பதமாகச் சுரண்டினால் அடியில் காகிதம் கிடைக்கும்.

மேல் மூலையிலிருந்து ஒளி இறங்கும் என்று ஸமீம் பார்த்திருந்தார். அவள் கட்டத்தின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கினாள். முதலில் ஒரு விரல் வந்தது. பிறகு நான்கு. பிறகு சின்ன மணிக்கட்டும் அதில் ஒரு வளையலும்.

"கதையில ஒரு புள்ளதானே? இது யாரு கை?"

"மொதல்ல இவள எடுக்கணுங்க நானா," என்றாள் விஜிதா, சுரண்டுவதை நிறுத்தாமல்.