காலை ஐந்து மணிக்கு மாறிய பெயர்கள்

டோர்தே முப்பத்தோரு வருடம் எங்கள் தீவின் இரு முனைகளில் உள்ள சோபி, மார்ஸ்டால் என்ற ஊர்களுக்கு இடையே பஸ் ஓட்டினார். தீவில் ஒரே ஒரு சாலை. அதில் வாழ்நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்வந்த ஒருவருக்கு நேரத்தின்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் குளிர்கால நீச்சல் சங்கத்தில் உறுப்பினர் செயலாளராகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஏழு குழுக்கள், ஒரு பழைய மடிக்கணினி, அவ்வளவுதான்.

ஏழு குழுக்களில் முக்கியமானது காவல் குழு. நீராவி அறையின் வெளிச்சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் காவல் குழுப் பட்டியலில் உள்ள ஆறு பேரின் போனும் அடிக்கும். யாருடைய போன் என்பதை உறுப்பினர் மென்பொருள்தான் முடிவு செய்யும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் போன் அடிக்காது.

போன வருடம் அதுதான் நடந்தது. மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் புதிய குழுக்களைத் தேர்ந்தெடுத்தோம். மறுநாளே டோர்தே பழைய பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தார். ஆனால் எங்கள் வழக்கப்படி புதியவர்கள் கூடி, காபி குடித்து, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்ள இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகுதான் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறும். அந்த இரண்டு வாரமும் காவல் குழு வெறுமையாகக் கிடந்தது. அதில் ஒரு காலை, எழுபத்துநான்கு வயது பல்லே கடலிலிருந்து ஏறி வந்தபோது நீராவி அறைக் கதவின் பூட்டு உறைந்திருந்தது. துணியெல்லாம் உள்ளே. நீச்சல் உடையோடு பொத்தானை அழுத்திக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றார். நாயோடு நடக்க வந்த ஒரு பெண்தான் அவரைக் காப்பாற்றினார்.

பல்லே அதைப் பெரிதாக்கவில்லை. தலைவர் ஹென்னிங் பெரிதாக்கினார். ஒன்பது வருடமாகக் காவல் குழுவையும் அவரேதான் நடத்திவந்தார். பட்டியல் வேலையை அக்கரையில் உள்ள ஒரு அலுவலகத்திடம் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது டோர்தேயின் முகத்தைப் பார்க்கவில்லை. டோர்தே இன்னும் ஒரே ஒரு பட்டியல் மாற்றம் தன் கையால் நடக்கட்டும் என்று கேட்டார். அது பிசகினால் மடிக்கணினியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவருக்கு வழி காட்டியது பஸ்தான். புதிய கால அட்டவணை டிசம்பரில் ஒரு ஞாயிறன்று அமலுக்கு வரும். அதற்காக யாரும் அன்று காலை ஓடிப்போய்ப் பழைய தாளைக் கிழிப்பதில்லை. இரண்டும் முன்பே தயாராக இருக்கும். ஒன்று முடியும் நிமிடத்தில் மற்றது தொடங்கும். மென்பொருளிலும் ஒவ்வொரு பெயருக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எட்டு வருடமாக யாரும் அவற்றை நிரப்பியதில்லை. தேதியை நேராகப் போடாமல், ‘பொதுக்கூட்டத்திலிருந்து பதினான்காம் நாள், காலை ஐந்து மணி’ என்றும் போடலாம் என்பதை டோர்தே ஜனவரியில் கண்டுபிடித்தார்.

முதலில் சோதிக்க வேண்டும். கேக் குழு என்று இல்லாத ஒரு குழுவை உருவாக்கி, தன்னையும் பல்லேயையும் ஹென்னிங்கையும் அதில் போட்டு, தொடக்கம் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி என்று வைத்தார். சொன்ன நேரத்துக்கு மூன்று பேர் போனும் அடித்து, கேக் குழுவில் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொன்னது. பல்லே அதை நம்பி எலுமிச்சை கேக் சுட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஹென்னிங் தூக்கம் கலைந்த எரிச்சலில் இருந்தார். “இது பஸ் இல்ல டோர்தே. ஸ்டியரிங்கப் பிடிச்சா தானா போயிடும்னு நினைக்காத.”

“பஸ்ஸும் தானா போகாது ஹென்னிங். நீ ஏறினதே இல்லையே, உனக்கு எங்க தெரியப்போகுது.”

பல்லே சிரித்ததில் கேக் துணுக்கு மேசையெல்லாம் பறந்தது.

பொதுக்கூட்டம் மார்ச் எட்டு. நாற்பத்தோரு இடங்களுக்கும் முடிவும் தொடக்கமும் போட்டுத் தயாராக வைத்திருந்தார் டோர்தே. தேர்வானவர்களின் பெயரை எழுதுவது மட்டும்தான் பாக்கி. அன்று மதியம் கிழக்குக் காற்று எழுந்தது. கடல் படித்துறையைத் தாண்டிக் கூட்டம் நடக்கவிருந்த கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நாற்காலிகள் மிதந்தன. கூட்டம் மார்ச் பதினேழுக்குத் தள்ளிப்போனது.

ஹென்னிங் போன் செய்தார். குரலில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. “முடிஞ்சது போ. இப்ப நாப்பத்தோரு பேரோட தேதியையும் உக்காந்து மாத்தணும். ஒண்ணு விட்டுப்போனாலும் பல்லே மறுபடி வெளியில நிப்பாரு.”

டோர்தே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். பொதுக்கூட்ட நாள் என்ற ஒரே கட்டத்தில் எட்டை அழித்துப் பதினேழு என்று அடித்தார். நாற்பத்தோரு வரிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்து மார்ச் முப்பத்தொன்றில் போய் நின்றன. தரைக்காற்று திரும்பியதும் துறைமுகப் படகுகள் எல்லாம் ஒன்றாக முகம் திருப்புமே, அப்படி.

“மாத்திட்டேன்,” என்றார்.

“எதை?”

“எல்லாத்தையும்.”

பதினேழாம் தேதி, ஈரம் காயாத கூடத்தில் கூட்டம் நடந்தது. ஹென்னிங் தலைவராகத் தொடர்ந்தார். காவல் குழுவிலிருந்து மட்டும் விலகினார். அவர் இடத்துக்குத் துறைமுக பேக்கரியில் வேலை செய்யும் சிஸ்ஸே வந்தார். அன்று மாலையே டோர்தே புதிய பெயர்களை எழுதி முடித்தார். அதன்பின் பதினான்கு நாளும் மடிக்கணினியைத் தொடவே இல்லை. அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னார்.

மார்ச் முப்பத்தொன்று. காலை ஐந்து மணிக்குப் பட்டியல் மாறியது. ஆறேகாலுக்குப் பல்லே கடலிலிருந்து ஏறினார். இரவெல்லாம் உறைபனி. பூட்டு மறுபடியும் பிடிவாதம் பிடித்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

நான்காவது நிமிடம் சிஸ்ஸே முழங்கை வரை மாவோடு ஓடிவந்தார். கையில் வெந்நீர்க் கெட்டில். அவர் பின்னால் புதிய பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு பேர். பூட்டு திறந்தது. பல்லே உள்ளே போய்ச் சூட்டில் உட்கார்ந்து, இவ்வளவு சீக்கிரம் வருவீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னொரு முறை முங்கியிருப்பேன் என்றாராம்.

எட்டு மணிக்கு ஹென்னிங் வந்தபோது எல்லோரும் காபியோடு இருந்தார்கள். நடந்ததைக் கேட்டார். தன் போனை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு அடிக்கவே இல்லையே.”

“அடிக்காது,” என்றார் டோர்தே. “நீதான் அஞ்சு மணிக்கே இறங்கிட்டியே.”

அன்று மாலை நிர்வாகக் கூட்டத்தில் அக்கரை அலுவலகம் பற்றிய யோசனையை ஹென்னிங்கே திரும்பப் பெற்றார். பட்டியல் வேலை டோர்தேயிடமே இருக்கும் என்று குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியது. டோர்தே நன்றி சொல்லிவிட்டு மடிக்கணினியில் ஏதோ தட்டினார்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஹென்னிங்கின் போன் அடித்தது. கேக் குழுவின் தலைவராக அவர் நியமிக்கப்பட்டிருந்தார். பத்து மணிக்கு ஆப்பிள் கேக்கோடு வந்து, முதல் துண்டை டோர்தேயின் தட்டில் வைத்தார்.