படத்தின் மூலையில் இருந்த பெயர்

2008-ம் வருடம். மார்க்கையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், கம்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தேன். ஒரு நாள் காலை, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். அவளுக்குத் திடீரென்று வலிப்பு வந்திருந்தது. தலையை ஸ்கேன் செய்ததில், மூளைக்குள் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. கட்டியாக இருக்குமோ என்று எங்கள் டாக்டருக்குச் சந்தேகம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கும் நிபுணருக்குப் படங்களை இமெயிலில் அனுப்பிக் கேட்கலாம் என்றார்.

அப்பா உடனே சரி என்றார். மகள்தான் தயங்கினாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த மதுரை ஆஸ்பத்திரியில், வெளியூரிலிருந்து வரும் படங்களை வாங்கி வைக்கும் வேலையில் இருந்தவர் மாப்பிள்ளையின் அக்காதான்.

"இப்ப மறைச்சா, பெறகு வம்பாயிராதா ஆத்தா?" என்றார் அப்பா.

"மறைக்கலப்பா. அவுககிட்ட நானே சொல்லிக்கிறேன். எனக்கு முந்தி இந்தப் படம் போயிச் சொல்ல வேணாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஃபைலின் தொடக்கத்தில் உள்ள விவரங்களில் பெயரை நீக்குவது எளிது. ஆனால் எங்கள் பழைய மெஷின், பெயரைப் படத்தின் மூலையிலும் எழுதிவிடும். அதை எடுக்க, ஃபைலுக்குள் போய், அந்த எழுத்துகள் இருக்கும் இடத்துப் புள்ளிகளின் எண்களையே மாற்ற வேண்டும். கொஞ்சம் இடம் தவறினாலும் மூளையின் படத்திலேயே கை வைத்ததாகிவிடும்.

எனக்கு அந்த வேலை தெரியும். அசலைத் தொடாமல் நகல் எடுத்தேன். பெயர் இருந்த மூலைக்கு மட்டும் பூஜ்யம் போடும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அந்த இடம் கறுப்பானது. பிறகு அசலையும் நகலையும் கம்ப்யூட்டரைக் கொண்டே ஒப்பிட்டேன். மூலையைத் தவிர வேறெங்கும் ஓர் எண்கூட மாறவில்லை. டாக்டரும் இரண்டையும் பார்த்துவிட்டு, பெயருக்குப் பதில் ஒரு நம்பர் போட்டு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் பதில் வந்தது. கட்டி இல்லை, நாடாப்புழுவால் வந்த நீர்க்கொப்புளம், மாத்திரையிலேயே சரியாகிவிடும். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் வெளியே போய் மாப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சொல்லிட்டேன்க்கா. மாத்திரைய முடிச்சிட்டுத் தேதி வச்சுக்கிருவோம்னாக."

இன்று எத்தனையோ பேருடைய படங்கள் என் கைவழியாகப் போகின்றன. ஒருவர் தன் வாயால் சொல்ல நினைப்பதை, என் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் நான் இன்றும் கவனமாக இருக்கிறேன்.