அத்தை கழுவிய படம்

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வந்துவிடும். பூசை முடிந்து வந்ததும் அத்தை அதன் ஜன்னலை உரச்சாக்கால் அடைத்து, சிவப்பு பல்பை மாட்டிக்கொண்டு படம் கழுவ ஆரம்பித்துவிடுவாள். அதற்குமேல் குளிக்க வேண்டியவர்கள் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். அத்தை அப்பாவின் தங்கை; பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து படத்தைப் பெரிதாக்கிப் போடும் பழைய என்லார்ஜரை வாங்கி வந்திருந்தாள். கலர்ப் படத்துக்குத் தஞ்சாவூர் போகவேண்டும். கறுப்பு வெள்ளை என்றால் எல்லாம் வீட்டிலேயே.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரத்தநாட்டிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் போட்டோ கேட்டார்கள். கூட வேலை பார்க்கும் டீச்சர் எடுத்த நெகட்டிவ் ஒன்று அத்தையிடம் இருந்தது. அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் வெளுப்பா போடும்மா. அது உன் கையிலதானே இருக்கு."

உண்மைதான். காகிதத்தின் மேல் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால் முகம் வெளுக்கும்; கூட்டினால் கறுக்கும். அத்தை கதவைச் சாத்தினாள். உள்ளே நானும் இருந்தேன். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் வெள்ளைக் காகிதம் மிதந்தது. முதலில் புருவம், பிறகு கண்கள், கடைசியாக ஒரு முகம்.

"இது யாரு அத்தை?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

அத்தை குனிந்து பார்த்தாள். "அதானே, யாரு இது?" என்றாள். அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு காகிதத்தை வைத்தாள். இந்த முறை விளக்கு கூடுதல் நேரம் எரிந்தது.

"இப்ப?"

"இது நீதான்."

அந்தப் படம்தான் ஒரத்தநாட்டுக்குப் போனது. அம்மா பார்ப்பதற்குள் அத்தையே தபாலில் போட்டுவிட்டாள்.

அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்ததால் அவருடைய அம்மாவும் அக்காவும் மட்டும். கேசரியும் காபியும் கொடுத்தோம். அந்த அம்மாள் பையிலிருந்து போட்டோவை எடுத்து, அத்தையின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படந்தான் கறுப்பா விழுந்துருச்சுன்னு நெனச்சோம். நேர்லயும் அப்படியேதான் இருக்கு பொண்ணு."

இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? எனக்குத் தாங்கவில்லை. "எங்க அத்தையே கழுவுனதுங்க! அத்தை கழுவுனா அப்படியே இருக்கும்!" என்று கத்தினேன்.

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை மட்டும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. காபி ஆறிக்கொண்டிருக்க, "சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கன்னத்தைத் தட்டி, "அத்தையை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்றார்.

ஒரே நாளில் இரண்டு பாராட்டுகள். பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் தெரு முனையைத் தாண்டும்வரை நின்றவள், என்னைச் சட்டென்று இழுத்து மூச்சுமுட்ட வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். விளையாடப் போகவேண்டுமே என்று நான் திமிறிக்கொண்டிருந்தேன்.