செயின் கேட்கும் காது

சாவியைத் திருகுவதற்கு முன்னால் ஹபீப் ரகுமான் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துப் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். "செத்த நேரம் யாரும் பேசாதிய. வண்டி பேசட்டும்." ஏறியிருப்பது கல்யாண வீட்டுக்காரர்களோ கம்பெனி மேனேஜரோ, அந்த விரலுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். சேத்தூருக்குத் துட்டி கேட்கக் கிளம்பிய பெண்கள் ஒருமுறை ஏறும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். விரல் எழுந்தது. ஒப்பாரி பாதியில் நின்றது. என்ஜின் கிளம்பி, அவர் தலையை ஆட்டி, "ம், இப்ப அழுங்க" என்ற பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பிடித்தார்கள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், பிழைப்பு ராஜபாளையம் கார் ஸ்டாண்டு. உடுத்துவது வெள்ளைச் சட்டை, ஓட்டுவது வெள்ளை டீசல் கார். இரண்டில் காருக்குத்தான் வெளுப்பு அதிகம். தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவி, கிழிந்த பனியன் துண்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கம்பெனிக்காரன் சொன்ன கிலோமீட்டர் வரும்வரை ஆயில் மாற்றக் காத்திருக்க மாட்டார். "அந்தப் புஸ்தகத்த எழுதினவன் நம்ம வெயில்ல ஒருநாள் வண்டிய நிப்பாட்டிப் பாத்திருப்பானா?" என்று கேட்பார். போடுகிற ஆயிலும் அந்த என்ஜினுக்குச் சொன்ன ரகமாகத்தான் இருக்க வேண்டும், கூடவே புது ஃபில்டரும். "பாய் வீட்டுல அப்பளம் பொரிக்கக்கூட இம்புட்டு எண்ணெ செலவில்ல" என்பான் ஆல்வின். ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறவன். அடுத்தவர் செருப்பை ஒளித்துவைக்காமல் அவனுக்குப் பொழுது விடியாது.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவருடைய முந்தைய கார். காலையில் கிளப்பும்போது அதற்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு: டிராக்டருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலில் ஒரு லிட்டரைக் கலந்து ஊற்றினால் சத்தம் அமுங்கிவிடும். அவரும் ஊற்றினார். அமுங்கியது. அப்புறம் தளவாய்புரம் விலக்கில் ஒரு மத்தியானம் என்ஜினுக்குள் இருந்த செயின் அறுந்து, வால்வெல்லாம் பிஸ்டனில் மோதி வளைந்து, வண்டி கட்டியிழுத்துப் போகிற சாமானாகிவிட்டது. "சத்தத்த அமுக்கிட்டேன், செயின யாரு பாத்தா?" என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறார்.

இப்போதுள்ள காரின் என்ஜினுக்குள் இரண்டு செயின். பெரியது வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைக்கும். சின்னது ஆயில் பம்பைச் சுற்றும். "சின்னதுதானேன்னு நெனைக்காத. அது அந்துதுன்னா ஆயில் மேல ஏறாது. செவப்பு லைட்டு எரியும். அந்த எடத்துலயே நிப்பாட்டணும். வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டினா போச்சு" என்பார். இரண்டுமே கண்ணில் படாதவை. ஆறிக் கிடந்த வண்டியைக் கிளப்பி, ஆயில் ஏறிச் செயினை இறுக்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தளர்ந்த செயின் தன்னைக் காட்டிக்கொடுக்கும். விரலை உதட்டில் வைப்பது அதற்காகத்தான். ஸ்டாண்டில் யார் வண்டிக்குச் சந்தேகம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் காதைச் சாய்த்து "சுத்தமா இருக்கு" என்றால் வண்டி கிளம்பும். "செயின் மாத்து" என்றால் ஒர்க்ஷாப்புக்குப் போகும். ஸ்டாண்டில் அவருக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த இரண்டு காதில்தான் தொங்கியது.

கொஞ்ச காலமாக வீட்டில் மனைவி நூர்னிசா டிவி சத்தத்தைக் குறைப்பதும் அவர் கூட்டுவதுமாக இருந்தது. ரிமோட்டில்தான் கோளாறு என்று அவரே கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது, யாராவது வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும் என்று வழக்கம்போல் சாவியை ஸ்டாண்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்வின் பானட்டைத் திறந்தான். தகர டப்பா ஒன்றில் புளியங்கொட்டைகளைப் போட்டு பேட்டரிக்குப் பக்கத்தில் டேப் சுற்றி ஒட்டினான். பாய் பதறிப்போய் ஒர்க்ஷாப்புக்குப் போன் போடுவார், பார்த்துச் சிரிக்கலாம் என்று கணக்கு. அவர் வந்தார், வண்டியைக் கிளப்பினார், விரலை உதட்டில் வைத்தபடி இறங்கிப் பானட் பக்கமாகக் காதைச் சாய்த்தார். டீக்கடைக்காரர்வரை திரும்பிப் பார்க்கும்படி டப்பா கலகலத்தது.

"சுத்தமா இருக்கு" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஏன் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆல்வின் மட்டும் தன் வேனுக்குப் பின்னால் போய், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் வாசலில் நின்ற நூர்னிசாதான் கேட்டாள். "ஏங்க, உள்ளுக்குள்ள என்னத்தப் போட்டுக் குலுக்குதிய?"

"என்னத்த?"

"இந்தா, கலகலன்னு. கேக்கலியா?"

அவர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பானட்டைத் திறந்தார். டப்பாவைப் பிய்த்து எடுத்துத் திறந்து புளியங்கொட்டைகளைப் பார்த்தார். காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். இன்னும் வேகமாகக் குலுக்கினார். நூர்னிசா உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

அவர் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கேயே கார் ஓட்டுகிற ஜெபக்குமார் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஊரில் இல்லாதவன், நடந்தது எதுவும் தெரியாது. ராத்திரி முழுக்க ஸ்டாண்டிலேயே ஆறிக் கிடந்த அவன் காரில் மனைவி கைப்பிள்ளையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பாய், ஒருக்கா காதக் குடுங்க. ஆரியங்காவு மல ஏறணும், பிள்ள வருது. நீங்க சரின்னுட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

ஸ்டாண்டு முழுவதும் தரையைப் பார்த்தது. தலையை ஆட்டினால் போதும். காட்டிக்கொடுக்க அங்கே ஆள் கிடையாது. ஹபீப் ரகுமான் பின்சீட்டைப் பார்த்தார். துணியிலிருந்து ஒரு சின்னக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏலே ஆல்வின், இங்க வா."

வந்தான். சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தார். "ஒஞ் சாமான். எனக்குக் காது போச்சுலே. ஒனக்கு நல்லாத்தான இருக்கு?"

"பாய், நான் சும்மா வெளாட்டுக்கு..."

"தெரியும்லே. குனி. டக்டக்குன்னு வாரது டீசல் சத்தம், அத விட்ரு. அதுக்குள்ள கொலுசு உரசுன மாதிரி ஒண்ணு ஓடுதான்னு பாரு. மொதல்லயே வரும், பொறவு அமுங்கிரும்."

ஆல்வின் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு என்ஜின்மேல் கவிழ்ந்தான். ஹபீப் ரகுமான் கதவோரம் நின்று, ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டுச் சாவியைப் பிடித்தார். இன்னொரு கையின் விரல் உதட்டுக்குப் போனது. ஸ்டாண்டு அடங்கியது. சாவியைத் திருகினார். என்ஜின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. ஆல்வினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது புருவம் லேசாகச் சுருங்கியது.

அவன் நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் ஹபீப் ரகுமான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். உதட்டில் வைத்த விரலை இன்னும் எடுக்கவில்லை.