பெட்டி மாறிய சீட்டு

அப்பா நினைவில்லாமல் கிடந்த எட்டாவது நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மா என் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தாள்.

"இன்னிக்கி செவ்வாக்கிழமடி. மாதா கோயில்ல நோயாளிங்க பேரெல்லாம் படிச்சு ஜெபம் பண்ணுவாங்க. பெட்டில போட்டுட்டு, அப்பா பேரு வர்ற வரைக்கும் இருந்து கேட்டுட்டு வா."

எங்கள் வீட்டுக்கு இன்னும் செல்போன் வராத காலம். நான் காலேஜில் இரண்டாம் வருடம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த அப்பா, பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தலைகுப்புற விழுந்திருந்தார். "பாக்கலாம்" என்பதற்கு மேல் டாக்டர் வாய் திறக்கவில்லை.

நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் புதுச்சேரியில் அதெல்லாம் ஒரு தடையா? அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மாரியம்மன், செவ்வாய்க்கிழமை மாதா கோயில். "எல்லா ஆபீசுக்கும் மனு போட்டு வெக்கிற. எவரு கையெழுத்துப் போடுறாருன்னு பாப்போம்" என்று நான் கேலி செய்வேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அந்த எட்டு நாளில் சாமி என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தேன். யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனுஷனைப் படுக்கப் போட்ட கடவுள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை.

அந்தக் கோயிலை இப்போது நினைத்தாலும் மெழுகுவத்தி வாசனை வருகிறது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் "போன்சுவார்" என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்லிக்கொண்டே படியேறுவார். அன்று எனக்கும் சொன்னார். வாசலில் ஒரு பெட்டி இருந்தது. முன்னால் போனவர்கள் சீட்டுப் போட்டார்கள், நானும் போட்டேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

பூசையில், சாமியாருக்கு உதவியாக நிற்கும் உபதேசியார் நோயாளிகளின் பெயர்களைப் படித்தார். கடைசிவரை அப்பாவின் பெயர் வரவில்லை. இதிலும் நமக்கு இடமில்லையா என்று பல்லைக் கடித்தேன். அவர் அடுத்த கட்டுச் சீட்டை எடுத்து, "இறந்துபோன நம் சகோதர சகோதரிகள்" என்று ஆரம்பித்தார். நாலாவதோ ஐந்தாவதோ, இனிஷியலோடு என் அப்பாவின் பெயர் வந்தது.

"எங்கப்பா சாவல! உயிரோடதான் இருக்காரு!"

கத்தியது நான்தான். கோயிலே திரும்பிப் பார்த்தது. நவம்பர் கிறிஸ்தவர்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் மாதமாம். அந்த மாதம் மட்டும் வாசலில் இறந்தவர்களுக்கென்று தனிப் பெட்டி வைப்பார்களாம். நோயாளிகளின் பெட்டி உள்ளே, அந்தோணியார் சிலைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சாமியார் பீடத்தை விட்டு இறங்கி வந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். "இந்தப் பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. எல்லாரும் முட்டி போடுங்க" என்றார். பேர் ஊர் தெரியாத அத்தனை பேரும் என் அப்பாவுக்காக முட்டி போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தேன். அப்பாவை நானே செத்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கடவுள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றவளுக்கு, அவர் அந்தச் சீட்டை நிஜமென்று எடுத்துக்கொள்வாரோ என்று பயம்!

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கேட்டுவிட்டு, எட்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "அட பைத்தியமே, செத்துட்டாருன்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டிடி. அதும் சாமி முன்னாடியே படிச்சிட்டாங்க. இனிமே உங்கப்பாவ யாரும் அசைக்க முடியாது."

வெந்நீர் வாங்கி வருவதாக ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனவள் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வராந்தாக் கோடியில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அவள் பார்ப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன். வந்தவளிடம், "ஆமாம்மா, ஆயுசு கெட்டிதான். அப்பா எழுந்துருவாரு" என்றேன். அவளுக்காகச் சொன்னேன். புதன்கிழமையும் சொன்னேன், வியாழக்கிழமையும் சொன்னேன். அப்பாவின் காலைத் துடைத்துவிடும்போது அவர் காதிலும் சொன்னேன். எல்லாம் பொய். வெள்ளிக்கிழமை காலை சொன்னபோது அது பொய்யாக இல்லை. எந்த நேரத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாது. பயம் போயிருந்தது. வீட்டுக்குப் போய், அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

"இப்ப எதுக்குடி அந்தச் சட்ட?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"வீட்டுக்கு வரும்போது போட்டுக்க வேணாமா?" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா கண் திறந்தார். அம்மா இன்றும் அந்தச் சனிக்கிழமையைத்தான் அதிசயம் என்கிறாள். எனக்கு அதற்கு முந்தைய நாள்தான்: அப்பா கண் மூடியே கிடக்க, நான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.