நூல் விட்ட சேலை

கண்புரை ஆபரேஷனுக்கு உம்மாவைச் சம்மதிக்க வைக்க நாங்கள் பாடுபட்ட முதல் மூன்று மாதமும் வீண். இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போனது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை முற்றி, குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாள்.

துபாயிலிருந்து என் அண்ணன், எங்கள் காக்கா, போன் போட்டு, நூற்றுக்கு நூறு சரியாகும், நான் கேரண்டி என்றார். இவன் எப்போது டாக்டருக்குப் படித்தான் என்று கேட்டுவிட்டு உம்மா போனை என்னிடம் நீட்டினாள். நானும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர் நான். வீட்டில் ஒருத்தியிடம் பேச்சு எடுபடவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் பீரோவை ஒதுக்கும்போது அவளுடைய பழைய துணிக்கட்டு கிடைத்தது. உம்மா கோட்டாற்றுத் தெருக்களில் வீடு வீடாகச் சேலை விற்றவள். கட்டைப் பிரித்ததும் குறையைத்தான் முதலில் காட்டுவாள். கரையில் நூல் விட்டிருக்கிறது, இஷ்டமிருந்தால் எடு என்பாள். குறையே இல்லை என்று சத்தியம் செய்த எந்த மொத்த வியாபாரியிடமும் அவள் சரக்கு எடுத்ததில்லை. அவளிடம் போய்த்தான் நாங்கள் மாறிமாறிச் சத்தியம் செய்துகொண்டிருந்தோம். எங்களுக்கு மூளை இருந்த லட்சணம் அது.

மறுநாள் டாக்டரிடம் போய், என்னென்ன கெடலாம் என்று மட்டும் கேட்டு வந்தேன். சாயா குடிக்கும்போது எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். சீழ் பிடிக்கலாம். அபூர்வமாகப் பார்வையே போகலாம். யாருக்குப் போகும் என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் சும்மா விட்டால் புரை குறையாது, அது நிச்சயம்.

உம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்க கண்ணா இருந்தா செய்வியா?"

"பயந்துகிட்டேதான் செய்வேன்."

மிச்சச் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, ஆபரேஷன் எந்த நாள் என்று கேட்டாள். நான் அடுக்களைக்குள் போய் நன்றாக அழுதேன்.

தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகள் முன்னைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள்.

கண்கட்டை அவிழ்த்த அன்று உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முக்காடு விலகியிருந்தது. நெற்றியோரத்து முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு நரச்சிருக்கு. எல்லாக் குறையும் சொன்னியே மக்கா, இதை மட்டும் ஏன் சொல்லாம விட்டே?"